கத்தியின் பதமும் கொல்லன் சொல்லும்

கத்தி வாங்கச் செல்வோர் அதன் நீளத்தைக் கண்ணாற் காண்பர். பிடியைக் கையாற் பற்றிப் பார்ப்பர். கூரை விரல் நுனியால் மெல்லத் தடவி அறிவர். ஆயின் அக்கத்தியின் சிறப்புக்கெல்லாம் காரணமாய பதத்தை அவர் காண்பதற்கு வழியில்லை. நன்கு பதமிட்ட அலகும் பதங்கெட்ட அலகும் கடைப் பலகையில் அருகருகே கிடந்தால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரம் கழிந்த பின்னரே, பதங்கெட்ட கத்தி நாள்தோறும் மழுங்கியோ, எலும்பிற் பட்டு வாய் உடைந்தோ தன் குறையைக் காட்டும். அதுவரையில் வாங்கியவருக்குத் துணை விற்றவரின் சொல் ஒன்றே. அந்தச் சொல் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு மாறிற்று, அது வழியில் தவறியபோது நேர்ந்த இழப்பு யாது என்பன இரும்புத் தொழிலின் வரலாற்றில் தனியே எடுத்துச் சொல்லத் தக்கவை.

பதம் என்பது இரண்டு நிலைகளில் வருவது. கரி கலந்த இரும்பாகிய உருக்கைச் செவ்வொளி வீசும் அளவுக்குக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ சட்டெனத் தோய்த்தால், அது மிகுந்த வன்மை பெறும். அரம் அதன்மேல் ஏறாது வழுக்கிச் செல்லும். ஆனால் அந்நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பினது. ஆகவே கொல்லன் அதனை மீண்டும் ஒருமுறை, இப்பொழுது மிகக் குறைந்த அளவிற்கே, சூடாக்குகிறான். வன்மை சிறிது குறைகிறது. உடையாத உறுதி வருகிறது. முன்னையதைத் தோய்த்தல் என்றும் பின்னையதைத் தணித்தல் என்றும் சொல்லலாம். சவரக் கத்திக்கு வேண்டிய தணிப்பு வேறு. மரம் பிளக்கும் கோடரிக்கு வேண்டியது வேறு. எவ்வளவு வன்மையை விட்டுக்கொடுத்து எவ்வளவு உறுதியைப் பெறுவது என்பதே கொல்லனின் தீர்ப்பு. அத்தீர்ப்பைத் தவறாது செய்ய, முதலில் உருக்கு எத்தகையது என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கே விற்பனை இருமுறை நிகழ்கிறது என்பதை மறத்தலாகாது. உருக்கைச் செய்தவன் அதனைக் கத்தி செய்பவனுக்கு விற்கிறான். கத்தி செய்பவன் அதனைப் பயன்படுத்துவோருக்கு விற்கிறான். இரண்டாம் விற்பனையிற் சொல் தவறினால் ஒருவர் ஏமாறுவார். முதல் விற்பனையிற் சொல் தவறினாலோ கத்தியே உருவாகாது போய்விடும். அப்படிப் போன கதை ஒன்று உண்டு. அக்கதையில் நம் நாட்டுக்கும் தென்னிந்தியாவுக்கும் பங்கும் உண்டு.

பலாங்கொடைப் பகுதியில், இன்று சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கும் மலைச்சரிவுகளிலே, தென்மேற்குப் பருவக் காற்றை எதிர்நோக்கி அமைக்கப்பெற்ற பழைய இரும்புலைகள் பல கண்டறியப்பட்டன. தொல்பொருளாய்வாளர் கில் ஜூலெஃப் அம்மையார் 1994-ஆம் ஆண்டில் அத்தகைய உலையொன்றை மீளக் கட்டி, துருத்தியின்றிக் காற்றின் வலியாலேயே அதனை இயக்கிக் காட்டினார். கரி மிகுந்த உருக்கும் அவ்வுலையிற் பிறந்தது. அவருடைய ஆய்வு 1996-இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று, அவ்வுலைகள் கி.பி. 7-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை எனக் கொள்ளப்படுகின்றன. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீப் உருக்கையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். சரந்தீப் என்பது அராபியர் இலங்கைக்கு இட்ட பெயர்.

இதனின் வேறான மற்றொரு முறையும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வழங்கிற்று. இரும்புத் துண்டைச் சிறு களிமண் மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங் கட்டைகளையும் பச்சை இலைகளையும் உடன் வைத்து, வாயை மண்ணால் மூடி, உலையிலே பல நாழிகை காய்ச்சுவார்கள். மரத்தின் கரி இரும்பிற் கலந்து, உள்ளிருப்பது உருகி உருக்காகும். மூசையை உடைத்தால் சிறிய கட்டியாய் உருக்கு வெளிப்படும். சேலம் வட்டாரத்தில் எருக்கிலையும் இதற்குப் பயன்பட்டது. இலங்கையில் இத்தொழிலின் கடைசித் தலைமுறையினர் செய்து காட்டியதை ஆனந்த குமாரசுவாமி அவர்கள் நேரிற் கண்டு, 1908-இல் வெளிவந்த தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் பதிவு செய்துள்ளார். கலை ஆராய்ச்சியாளராகவே பலரும் அறிந்த அவர், அந்நாளில் இந்நாட்டின் கனிப்பொருள் அளவைத் துறையின் தலைவராய் இருந்தவர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

இவ்வுருக்குக் கட்டிகள் கடல் கடந்து பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் சென்றன. அங்கிருந்த கொல்லர் பல தலைமுறையாக இவற்றைக் கையாண்டு பழகியவர். எந்தச் சூட்டில் அடிக்க வேண்டும் என்பதைத் தந்தை மகனுக்குச் சொல்லி வைத்திருந்தனர். அவர்கள் அடித்த வாள்களின் மேற்பரப்பில் நீரோட்டம் போன்ற கோலம் தோன்றும். வாங்குவோர் அக்கோலத்தையே தரத்தின் அடையாளமாகக் கொண்டனர். உண்மையில் அக்கோலம் உருக்கு எவ்வகையது என்பதைச் சொல்லுமேயன்றி, அதன் வன்மை எவ்வளவு என்பதைச் சொல்லாது. பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது அத்தகைய வாள்களிற் பல, பெயர் பெற்ற அளவுக்கு வன்மை உடையனவாய் இல்லை. ஆயினும் வாங்குவோர் கண்ணுக்குத் தெரிந்த ஓர் அடையாளம் அது ஒன்றே. அதனால் அதற்குப் போலியும் பிறந்தது. அமிலத்தால் அரித்து வெறும் இரும்பிலே கோலம் வரைந்து விற்றவரும் உளர்.

ஐரோப்பாவிலே நடந்தது வேறு. இலண்டனில் ஜோசெப் மொக்ஸன் 1677-ஆம் ஆண்டளவில் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய கைத்தொழில் நூலிலே, டமாஸ்கஸ் உருக்கு உலையில் அடிப்பதற்கு மிகக் கடினமானது என்றும், இரத்தச் சிவப்பான சூட்டிலே அடித்தாலும் பிளந்துவிடும் என்றும் எச்சரித்தார். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், கெய்ரோவிலிருந்து வந்த இந்திய உருக்குக் கட்டி ஒன்றைப் பாரிஸ் நகரத் தொழிலாளரிடம் கொடுத்தார். அதனை அடித்து நீட்ட வல்லவர் ஒருவரும் அங்கு அகப்படவில்லை. இது 1722-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலிற் சொல்லப்பட்டது. இதன் காரணம் இப்பொழுது தெளிவு. ஐரோப்பியக் கொல்லர் கையாண்ட உருக்கினும் இந்திய உருக்கில் கரி ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. கரி மிகுந்தால் உருகத் தொடங்கும் சூடு குறையும். தம் வழக்கப்படி வெண்சூட்டிற் காய்ச்சிச் சம்மட்டியால் ஓங்கி அடித்தவருக்கு, அது வெந்த மண்ணாங்கட்டிபோல் உதிர்ந்தது. குற்றம் உருக்கிலும் இல்லை, கொல்லரிலும் இல்லை. கட்டி வந்தது, அதனோடு வரவேண்டிய சொல் வரவில்லை.

1794-ஆம் ஆண்டில் ஹெலினஸ் ஸ்கொட் என்னும் மருத்துவர் பம்பாயிலிருந்து ‘ஊட்ஸ்’ என்னும் பெயரால் இவ்வுருக்குக் கட்டிகளை இலண்டன் வேத்தியற் கழகத் தலைவர் ஜோசெப் பாங்ஸ் அவர்களுக்கு அனுப்பினார். ஊட்ஸ் என்பது உருக்கைக் குறிக்கும் தென்னிந்தியச் சொல்லொன்றின் திரிபு என்பர். கழகத்தின் சார்பில் ஜோர்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து 1795-இல் கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பே அவ்வுருக்கு ‘பம்பாயில் செய்யப்படுவது’ என்று கூறிற்று. கப்பலேறிய துறைமுகம் பிறந்த ஊராகிவிட்டது! பொருளைப் பற்றிய செய்தி வழியிலே எவ்வளவு தேய்ந்துபோயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பியர்சன் அவ்வுருக்கை இலண்டனில் அறுவைக் கருவிகள் செய்து வந்த ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் என்பவரிடம் கொடுத்து ஒரு பேனாக் கத்தி செய்வித்தார். ஸ்ரொடார்ட் பொறுமையுடையவர். குறைந்த சூட்டில், மெல்லத் தட்டி, உருக்கின் போக்கை அறிந்து கத்தியை முடித்தார். அதன் வாய் நுண்மையிலும் உழைப்பிலும் நாட்டு உருக்கினும் மேம்பட்டது என்றும், குருதி வடிக்கும் சிறு கத்தி முதலிய மருத்துவக் கருவிகளுக்கு மிக ஏற்றது என்றும் அவர் கருத்துரைத்தார். மயக்க மருந்து இல்லாத அந்நாளில் மழுங்கிய கத்தி நோயாளிக்கு எத்தகைய கொடுமை செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், கொல்லனின் இக்கருத்து வெறும் வணிகப் பேச்சன்று என்பது விளங்கும். பின்னர் அவர் தம் கடையின் விளம்பரச் சீட்டிலே ஊட்ஸ் உருக்கின் பெயரை அச்சிட்டு, அஃது இந்தியாவிலிருந்து வருவது என்றும், பல ஆண்டுகள் ஒப்பிட்டுச் சோதித்த பின் ஐரோப்பாவின் தலைசிறந்த உருக்கினும் தாம் அதனையே விரும்புவதாகவும் அறிவித்தார். என்ன உருக்கு, எங்கிருந்து வந்தது, எதனால் அதனைத் தேர்ந்தார் என மூன்றையும் வாங்குவோருக்கு வெளிப்படையாகச் சொன்ன அச்சீட்டு, அக்காலத்துக்கு அரியதொன்று.

ஸ்ரொடார்ட் பின்னர் மைக்கேல் பரடே அவர்களுடன் சேர்ந்து உருக்கிலே பல உலோகங்களைக் கலந்து சோதனை செய்தார். மின்னியலிற் பெரும்புகழ் பெற்ற அந்தப் பரடேதான்; அவரும் ஒரு கொல்லனின் மகனே. 1820-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் வன்மையைச் சொல்வதற்கு ஒரு புது வழி காணப்படுகிறது. வன்மையை அளக்கும் கருவி அந்நாளில் இல்லை. ஆகவே, எந்தச் சூட்டிலே தணித்தால் நல்ல வாய் அமைகிறது என்பதைக் கொண்டு அவர்கள் உருக்குகளை ஒப்பிட்டார்கள். சிறந்த ஆங்கில வார்ப்புருக்கினும் ஊட்ஸ் உருக்கை 40 பாகை பரனைற்று மிகுதியாகச் சூடாக்கித் தணிக்க வேண்டும். உரோடியம் கலந்த உருக்குக்கு அதனினும் 30 பாகை மிகுதி வேண்டும் என்றனர். கைக்கும் கண்ணுக்கும் மட்டும் தெரிந்திருந்த ஒன்று இங்கே எண்ணாக மாறி, காகிதத்தில் ஏறி, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லத் தக்கதாயிற்று.

சேலம் வட்டாரக் கொல்லரின் சொல் ஐரோப்பாவை அடைந்ததும் இதன் பின்னரே. பரங்கிப்பேட்டையில் இரும்புத் தொழிற்சாலை நடத்திய ஜோசையா ஹீத் என்பவர் 1839-இல் தென்னிந்திய உருக்கைப் பற்றி எழுதியபோது, கட்டிகளை அடித்து நீட்டுவதற்கு முன் உள்ளூரார் செய்த ஒரு வேலையைக் குறித்தார். மூசையிலிருந்து எடுத்த கட்டியை அவர்கள் உடனே அடிப்பதில்லை. கரி நெருப்பிலே, உருகுவதற்குச் சற்றே குறைந்த சூட்டில், துருத்திக் காற்று அதன்மேற் படுமாறு பல மணி நேரம் புரட்டிப் புரட்டிக் காய்ச்சுவார்கள். அதனால் மிகையான கரி எரிந்து குறையும். அதன்பின் கட்டி சம்மட்டிக்கு இணங்கும். பாரிஸ் தொழிலாளர் அறியாது தவித்தது இந்த ஒரு செய்தியையே. ரெயோமூரின் நூலுக்கும் ஹீத்தின் கட்டுரைக்கும் இடையே 117 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இனி, ஐரோப்பியக் கொல்லர் தமக்குள்ளே பதத்தைச் சொல்லிக்கொண்ட மொழியைப் பார்க்கலாம். அது நிறங்களின் மொழி. தோய்த்த அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மெல்லச் சூடாக்கினால், அதன்மேல் முதலில் வெளிறிய வைக்கோல் நிறம் படரும். அது பொன்னிறமாகும், பின் கபிலமாகும், ஊதாவாகும், இறுதியில் நீலமாகும். காற்றிலுள்ள ஒட்சிசன் உருக்கின்மேல் மெல்லிய ஆடைபோற் படிவதும், அவ்வாடை தடிக்கத் தடிக்க ஒளி வேறுபட்டுத் தெரிவதுமே இதற்குக் காரணம். மேற்பரப்பிலுள்ள மெல்லிய படலமே இந்நிறங்களைத் தருகிறது என்பதை ரொபேட் ஹூக் 1665-இலேயே உணர்ந்து எழுதியுள்ளார். 19-ஆம் நூற்றாண்டுக் கைத்தொழில் நூல்களில் இதற்கு அட்டவணைகளும் உண்டு: குருதி வடிக்கும் கத்திக்கு 430 பாகை பரனைற்று, சவரக் கத்திக்கு 450, பேனாக் கத்திக்கு 470, மேசைக் கத்திக்கு 530, வாளுக்கும் கடிகாரச் சுருளுக்கும் 550 என்று அவை கூறும். 430 பாகையில் வெளிறிய வைக்கோல் நிறம், 550-இல் நீலம்.

அழகிய மொழிதான். ஆனால் அது பட்டறைக்குள்ளேயே நின்றுவிட்ட மொழி. கத்தியை இறுதியாகத் தீட்டி மெருகிடும்போது அந்நிறம் முழுவதும் அழிந்துபோகும். கொல்லன் கண்ட வைக்கோல் நிறத்தை வாங்குபவர் காண்பதேயில்லை. மேலும், ஒரே சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் நிறம் முதிரும். வேற்று உலோகம் கலந்த உருக்கில் நிறங்கள் வேறு சூட்டிலே தோன்றும். அந்தி வெளிச்சத்திற் பார்ப்பவனுக்கும் நண்பகலிற் பார்ப்பவனுக்கும் தீர்ப்பு வேறுபடும்.

பட்டறைக்கு வெளியே வாங்குவோருக்குக் கிடைத்தது முத்திரை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலும் அதனைச் சூழ்ந்த ஹலம்ஷயரிலும் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வெட்டும் கருவிகளின் வாய் உருக்காலேயே ஆகவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஒவ்வொருவரும் தம் தனி அடையாளத்தைப் பதிந்துகொண்டு அலகிலே பொறித்தனர். அடையாளம் ஆளைச் சொல்லும், கெட்ட கத்தி விற்றவனைப் பின்னர் கண்டுபிடிக்க உதவும், பதத்தைச் சொல்லாது. வார்ப்பிரும்பிற் கத்தி வார்த்து, அடித்த கத்தி என்று விற்கும் வஞ்சம் பெருகியதால் 1819-இல் வேறொரு சட்டம் வந்தது. அடித்துச் செய்த கருவிகளிலே சம்மட்டி உருவத்தைப் பொறிக்க அச்சட்டம் இடமளித்தது. வார்த்தவற்றில் அதனைப் பொறித்தல் குற்றமாயிற்று. எழுத்தறியாதவரும் அறியத்தக்க அடையாளம் அது. இக்கால விளம்பரங்கள் பலவற்றினும் நேர்மையானது என்றே சொல்லவேண்டும்.

அதே ஷெபீல்ட் நகரில்தான், ரெயோமூர் காலத்துத் துன்பம் வேறு உருவில் மீண்டும் நேர்ந்தது. ஹரி பிரயர்லி என்பவர் உருக்குத் தொழிலாளி ஒருவரின் மகன். சிறுவயதிலேயே வேலைக்குச் சென்று, தாமே கற்று உலோகவியலாளர் ஆனவர். உருக்கைக் காய்ச்சிப் பதமிடும் முறைபற்றி 1911-இல் ஒரு நூலும் எழுதியிருந்தார். துப்பாக்கிக் குழல் உள்ளே தேய்ந்து போவதைத் தடுக்க வழி தேடும் பணி அவரிடம் வந்தது. 1913-ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 13-ஆம் திகதி, நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கரியும் கொண்ட உருக்கை அவர் வார்த்தார். அது எளிதில் துருப்பிடிக்கவில்லை. இது கத்திக்கு உகந்தது என்று பிரயர்லி கண்டார்.

அவர் அவ்வுருக்கில் மாதிரித் துண்டுகளை ஷெபீல்டிலிருந்த கத்தி செய்வோருக்கு அனுப்பினார். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். தாம் அறிந்த முறையிலேயே அதனை அடித்தார்கள்; தாம் அறிந்த சூட்டிலேயே தோய்த்தார்கள். அது வன்மை பெறவில்லை, வாயும் நிற்கவில்லை. இவ்வுருக்கு எதற்கும் உதவாது என்று திருப்பிச் சொன்னார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரயர்லியைப் பரிகசிக்கவும் செய்தனர்.

நடந்தது இதுதான்: வழக்கமான கரியுருக்கு ஏறக்குறைய 780 பாகை சதமளவையிலே தோய்ப்பதற்கு ஏற்றதாகும். பிரயர்லியின் உருக்குக்கோ ஏறத்தாழ 1,000 பாகை வேண்டும். 780 பாகையில் எத்தனை முறை தோய்த்தாலும் அது விழித்தெழாது. அன்றியும், அடித்து முடித்தபின் காற்றிலே ஆறும்பொழுதே அது தானாக வன்மை பெற்றுவிடும் இயல்பினது. நீரைக் காணாத அலகு எங்ஙனம் அரத்தை எதிர்க்கிறது என்று தொழிலாளர் திகைத்தனர். அனுபவம் மிக்க கைகளே இங்கு தடையாயின. ஒன்றும் அறியாத புதியவன் ஒருவன் எப்படிச் செய்வது என்று கேட்டிருப்பான், அறிந்தவர் கேட்கவில்லை. பிரயர்லி பக்கத்திலும் குறை உண்டு. மாதிரியை அனுப்பியவர் சூட்டையும் உடன் எழுதி அனுப்பி, அது பின்பற்றப்படுகிறதா என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.

மொஸ்லி நிறுவனத்தின் தொழிற்கூடத்தைப் பார்த்துவந்த எர்னஸ்ற் ஸ்ருவாட் என்பவர் 1914-இல் அந்த உருக்கைக் கையிலெடுத்தார். புளிக்காடியிலே வைத்துப் பார்த்தும் கறை படியாமை கண்டு அவர் வியந்தார். ‘கறை படியாதது’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை அதற்கு இட்டவரும் அவரே. அவருடைய முதல் முயற்சிகளும் தோல்வியே. உருக்கின் வன்மையால் அச்சுக் கருவிகள் கெட்டன. பின்னர் பிரயர்லி பட்டறைக்கு வரவழைக்கப்பட்டார். கத்தி செய்வது எப்படி என்பது அவருக்குத் தெரியாது. எந்தச் சூட்டில் அவ்வுருக்கு இணங்கும் என்பது தெரியும். கத்தி செய்யத் தெரிந்தவரும் சூடு தெரிந்தவரும் ஓர் உலைமுன் நின்றபோது கத்திகள் நல்லபடி உருவாயின. கடிதத்தால் ஆகாதது அருகில் நின்று சொன்ன சில சொற்களால் ஆயிற்று. வானொலி கேட்கும் நேயர் ஒவ்வொருவரின் அடுக்களையிலும் இன்று துருவேறாக் கத்தியோ கரண்டியோ இருக்கிறது. அதன் பின்னால் இந்த உரையாடல் இருக்கிறது.

பதத்தை எண்ணாற் சொல்லும் முயற்சி இதற்குச் சற்று முன்னரே தொடங்கிவிட்டது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பிரினெல், 1900-ஆம் ஆண்டிலே, 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டையை 3,000 கிலோகிராம் பாரத்தால் உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் குழியின் அகலத்தால் வன்மையைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். தண்டவாளத்துக்கும் பெரும் பாளங்களுக்கும் அது மிக நன்று. கத்தி அலகுக்கு அது பொருந்தாது. குழி பெரிது, அலகு மெல்லிது. கத்தியின் வன்மைக்கு முன் அழுத்தும் உருண்டையே நசுங்கும்.

அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்திலே குண்டுதாங்கிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஹியூ றொக்வெல், ஸ்ரான்லி றொக்வெல் என்னும் இருவர், விரைவாகவும் பொருளைக் கெடுக்காமலும் வன்மையை அளக்க ஒரு கருவி அமைத்தனர். 1914-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1919-இற் கிடைத்தது. கத்திகளுக்கு வழங்கும் றொக்வெல் ‘சீ’ அளவையில், கூம்பு வடிவான வைர நுனியை முதலில் 10 கிலோகிராம் பாரத்தாலும், பின் மொத்தம் 150 கிலோகிராம் பாரத்தாலும் அழுத்துவர். மிகைப் பாரத்தை நீக்கியபின் எஞ்சும் ஆழத்தில் ஒவ்வொரு 0.002 மில்லிமீற்றருக்கும் ஒன்றாக 100-இலிருந்து கழிப்பர். 60 என்று வந்தால் நுனி 0.08 மில்லிமீற்றர் மிகுதியாக இறங்கியது என்பது பொருள். 58-க்கும் 60-க்கும் இடையே உள்ளது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்கே. அலகில் ஊசி குத்தியதுபோன்ற புள்ளி ஒன்றன்றி வேறு வடு இராது.

இவ்வெண் வாங்குவோர் கைக்கும் வந்து சேர்ந்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் அடுக்களைக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரையும், ஜப்பானியக் கத்திகள் பல 60-க்கு மேலும் இருப்பதாக அறிவிக்கப்படுகின்றன. வன்மை மிக்கது நெடுநாள் கூர் நிற்கும். மென்மையானது எளிதிற் தீட்டப்படும், எலும்பிற் பட்டாலும் எளிதில் உடையாது. எது வேண்டும் என்பதை வாங்குவோர் தாமே தேரலாம். கொல்லனின் கண்ணுக்குள் அடைபட்டிருந்த ஒன்று இவ்வாறு வாங்குவோர் கையிலும் வந்தது சிறிய செய்தியன்று.

ஆயினும் எண்ணுக்கும் வஞ்சகம் உண்டு. அல்லது, எண்ணை வைத்து வஞ்சிக்க வழியுண்டு. தோய்க்குமுன் உருக்கை மிகையாகக் காய்ச்சிவிட்டால் அதன் உள்மணிகள் பருத்து, அது முறியும் இயல்பினதாகும். அதனை அளந்தாலும் 60 என்றே வரலாம்; முறையாகக் காய்ச்சியதை அளந்தாலும் 60 என்றே வரும். கருவி ஆழத்தை அளக்கிறது. முறியுமா என்று கேட்பதில்லை. எங்கே அளந்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பிடிக்கு அருகே தடித்த இடத்தில் அளந்த எண், மெல்லிய வாய்க்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. சாணையில் இறுதியாகத் தீட்டும்போது நீர் போதாமல் வாய் சூடேறினால், அங்குள்ள பதம் மட்டும் கெட்டுப்போகும். எண்ணில் அது தெரியாது. ஜப்பானிய வாளிலே முதுகிற் களிமண் பூசித் தோய்ப்பதால் வாய் வன்மையாகவும் முதுகு மென்மையாகவும் அமையும். அத்தகைய அலகுக்கு எண் ஒன்றைச் சொல்லி விடுவது பாதிச் செய்தியே. ஒரே ஓர் எண்ணை உறுதியாகச் சொல்பவரைவிட, 58 முதல் 60 வரை என்று எல்லை வகுத்துச் சொல்பவரே தொழிலை அறிந்தவர். ஒரே உலையில் ஒரே நாளில் தோய்த்த அலகுகளும் சிறிது வேறுபடும் என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆகவே இக்காலத்தில் உருக்கு விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தகவற் சீட்டைத் தருகின்றன. உருக்கிற் கலந்தவை எவை, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், நீரிலா எண்ணெயிலா காற்றிலா ஆற்ற வேண்டும், எந்தத் தணிப்புச் சூட்டில் எந்த வன்மை கிடைக்கும் என்பன அதில் இருக்கும். ரெயோமூர் கையிலிருந்த கட்டியோடு வராத சீட்டு இதுவே. கத்தி செய்வோருள் நேர்மையாளர் அதன் சுருக்கத்தைத் தம்மிடம் வாங்குவோருக்கும் தருகின்றனர்: இன்ன உருக்கு, இன்னபடி தோய்த்தது, இன்ன சூட்டில் இருமுறை தணித்தது, வாய்க்கு அருகே அளந்த வன்மை இவ்வளவு, தேங்காய் உடைக்க வேண்டாம், உறைந்த இறைச்சியை வெட்ட வேண்டாம். இக்கடைசி இரண்டு வரிகளையும் எழுத நாணுபவர் பலர். வாங்குவோருக்கு மிகப் பயன்படுபவை அவையே.

ஸ்ரொடார்டும் பரடேயும் செய்த உருக்குகளின் கதை ஒன்று எஞ்சியுள்ளது. ஸ்ரொடார்ட் 1823-இல் இறந்தார். பரடே பின்னர் மின்னியலிற் புகுந்தார். அவர்கள் செய்த உருக்குத் துண்டுகள் பரடேயின் பெயர் எழுதிய மரப்பெட்டி ஒன்றில் நூறாண்டுக்கு மேல் இருந்தன. ஷெபீல்ட் உருக்குத் தொழிலதிபரும் ஆராய்ச்சியாளருமான ரொபேட் ஹட்பீல்ட் அப்பெட்டியைப் பெற்று ஆராய்ந்து, 1931-இல் நூலாக வெளியிட்டார். உள்ளே 79 துண்டுகள் இருந்தன. எந்தத் துண்டில் என்ன கலந்தது, எவ்வாறு காய்ச்சப்பட்டது என்பதை ஹட்பீல்ட் அத்துண்டுகளிடமே கேட்டறிய வேண்டியதாயிற்று. விலைமதிப்பற்றவை ஆதலால் ஒவ்வொன்றிலும் மிகச் சிறிதளவே சுரண்டியெடுத்துப் பகுத்தாய்ந்தார். பிளாற்றினமும் உரோடியமும் கலந்தவற்றைத் தேடிக் கண்டார். பிரினெல் முறை முதலியவற்றால் வன்மையையும் அளந்தார். அவற்றைச் செய்த இருவரும் ஒரு மாலைப்பொழுதில் எழுதி வைத்திருக்கக்கூடிய செய்திக்கு அவருடைய ஆய்வுகூடம் பல மாதங்கள் உழைத்தது.